பன்னிரண்டு அடிப் பனிமூட்டம்

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் ஜொகூரில், செனாய் ஊரில் இருக்கும் எங்கள் அச்சுக்கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி ஒருவர். சீனர், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். கணக்கு மேசையில் இருந்தார். டிசைனர் ஒருவர். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. கம்ப்யூட்டரும் அச்சு மிஷினும் அவர் பொறுப்பு. பெர்மாஸ் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர். புது விலைப் பலகையை வாங்கிப்போக வந்தவர், மழை பிடித்துக்கொண்டதால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான்காவது ஆள் நான். பின்னறையில் ஒரு கோயில் திருவிழா பேனருக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவதாக இருந்திருக்க வேண்டியவன் என் தம்பி. அவன் சிங்கப்பூரில் வேலை முடித்து, எல்லைப் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளில் நின்றுகொண்டிருந்தான். நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள். பாலத்தில் வண்டிகள் அசையவில்லை என்று மத்தியானமே யாரோ சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. மழை, ஈரமான ரோடு, பக்கத்தில் லோரி. நடக்கக்கூடியதெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்து போயிற்று. நடக்காததும் வந்து போயிற்று.

நான் அப்படிப்பட்டவள். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா படுத்துவிட்டார், வீட்டில் ஒருவர் சம்பாதிக்க வேண்டும், நான் பெரியவள். கொஞ்ச காலம் பேக்டரியில் இருந்தேன், பிறகு இந்த அச்சுக்கடைக்கு வந்தேன். பேனருக்கு ஓரம் மடிப்பது, பித்தளை வளையம் அடிப்பது, அளவு பார்த்து வெட்டுவது என் வேலை. கவலைப்படுவது இன்னொரு வேலை. முதல் வேலைக்காவது வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு.

தம்பி எனக்கு நேர்மாறு. நான் பத்து தடவை கதவைப் பூட்டிப் பார்ப்பேன். அவன் பூட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னோடுதான் இருக்கிறான். வாரம் முழுக்க சிங்கப்பூரில் மிஷின் ஓட்டுவான். சனிக்கிழமை விடிவதற்குமுன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்தக் கேமரா யாரோ பயன்படுத்தி விற்றது. அதன் விலையைக் கேட்ட நாள் நான் சாப்பிடவில்லை. கல்யாணப் படமோ பிறந்தநாள் படமோ எடுத்தாலாவது நாலு காசு வரும். அவன் எடுப்பது நிலம். வெறும் நிலம்.

சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவனுக்கு ஒரு மலை பிடித்துப்போயிற்று. மலை என்றால் பெரிய மலை இல்லை. எண்ணெய்க்காக வளர்க்கும் பழைய செம்பனை மரங்களை எல்லாம் சாய்த்து, துண்டு போட்டு வரிசையாகக் கிடத்திவிட்டு, புதுக் கன்று நடுவதற்காகப் படிப்படியாகச் செதுக்கி, நடாமலேயே வருஷக்கணக்காகப் போட்டு வைத்திருந்த ஒரு மேடு. செம்மண். நடுவில் பழுதாகி நின்றுபோன மண் தோண்டும் இயந்திரம் ஒன்று. பின்னால் மின்கம்பிக் கோபுரங்கள். அடிவாரத்தில் யார் நிலம், யார் குத்தகை என்று எழுதிய பெரிய பலகை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியுமென்று சொல்ல மாட்டேன்.

தனியாகப் போனால் பாம்பு கடித்தால் யார் பார்ப்பது என்று நானும் கூடப் போக ஆரம்பித்தேன். ஒரு பையில் தைலம், மழைக்கோட்டு, டார்ச், பிளாஸ்கில் தேத்தண்ணி, நாசி லெமாக் பொட்டலம் மூன்று. மூன்றாவது பொட்டலம் தோட்டத்து ஜாகாவுக்கு. காவல்காரர் வயிறு நிறைந்திருந்தால் நம்மை விரட்ட மாட்டார் என்பது என் கணக்கு. அவரும் ஒரு நாளும் விரட்டவில்லை. அதற்காக நான் பயப்படாமல் இருந்ததும் இல்லை.

முதல் ஆறு மாதம் தம்பி கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு கல்மேல் உட்கார்ந்து, பழுப்புத் தாளில் கரிக்கட்டியால் அந்த மேட்டை வரைந்துகொண்டிருந்தான். ஒன்றை முடித்து, பார்த்து, மடித்து வைத்துவிட்டு இன்னொன்று. கடைசியில் ஒன்று அவனுக்குத் திருப்தியாக வந்தது. கீழே இருட்டான மண். அதன்மேல் கிடக்கும் மரத்துண்டுகளின் வரிகள், மேலே போகப்போக மங்கலாகி. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை, வெறும் தாள். மேடு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. அந்த இயந்திரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி இருக்க வேண்டும். கோபுரமும் பலகையும் வரவே கூடாது. அந்தப் படத்தை முதலில் வரைந்துவிட்டு, மேடு என்றைக்கு இதைப்போல வந்து நிற்கும் என்று காத்திருந்தான். அதுதான் அவன் வேலை செய்யும் விதம்.

காத்திருந்தது இரண்டு வருஷம் போல. ஒரு நாள் பனி மெலிசாக இருக்கும், கோபுரம் தெரியும். ஒரு நாள் காற்று அடித்துக் கலைத்துவிடும். ஒரு நாள் எல்லாம் சரியாக இருந்து, வெயில் சீக்கிரம் வந்துவிடும். ஒரு படமும் எடுக்காமல் ஸ்டாண்டை மடித்துவிடுவான். பெட்ரோலும் டோலும் எனக்குத் தலைக்குள் ஓடும். வந்ததற்கு ஒன்றாவது எடுத்துக்கொண்டு போகலாமே என்று ஒருமுறை சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

"வந்ததுக்காக எடுத்தா, அது நம்ம வந்ததோட படம்கா. மலையோட படம் இல்ல."

பிறகு ஒரு சனிக்கிழமை. முந்தின ராத்திரி நல்ல மழை, காலையில் இலைகூட அசையவில்லை. வெட்டிக் கிடந்த மரங்களுக்குள்ளிருந்து புகைபோலப் பனி கிளம்பிற்று. நான் அப்போது கீழே இறங்கிப் போயிருந்தேன். ஜாகாவின் மோட்டார் சத்தம் கேட்டதுபோல் இருந்தது, அவரிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிடலாம் என்று, மழை திரும்பிவிடுமோ என்ற பயத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தேன். மேலே தம்பி கேமராவை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்தான். மேல்வரிசை முடிந்ததும் கீழ்வரிசை. இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் எடுத்த படங்களைப் பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டி ஒரே படமாக்குவான். அதனால்தான் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் மண்கட்டி மண்கட்டியாகவே தெரியும். பனி அவன் முடிக்கும்வரை நின்றது. பிறகு போய்விட்டது.

வீட்டில் கம்ப்யூட்டரில் காட்டினான். வலது கீழ்மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி.

"இது நீதான்கா."

பெரிதாக்கினால் குடை தெரிந்தது. அடுத்தவர் தோட்டத்தில் நான் நிற்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, யாராவது கேஸ் போட்டால் என்ன செய்வது, எடுத்துவிடு என்று மன்றாடினேன். அவன் சிரித்தான். நீ இல்லாவிட்டால் அந்த மலை எவ்வளவு பெரிது என்று யாருக்கும் தெரியாது என்றான். பன்னிரண்டு அடி அகலத்துக்கு அச்சடிக்க வேண்டும், ஆட்கள் ஒரே இடத்தில் நின்று பார்க்காமல் அதன் ஓரமாக நடந்து பார்க்க வேண்டும், நடந்துபோய்க் கடைசி மூலைக்கு வரும்போது உன்னைக் கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டு அடிப் படத்தைத் தொங்கவிட நமக்கு ஏது சுவர் என்று கேட்டேன்.

சுவர் வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு படக்கூடம் நடத்தும் அம்மாள் அந்தப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, ஒரு கண்காட்சியில் ஒரு முழுச் சுவரைத் தருகிறேன் என்றார். தம்பியின் படத்தை வெளியாள் ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. நாற்பது வயது தாண்டியவன், அந்தப் போனை வைத்துவிட்டுச் சமையல்கட்டில் வந்து நின்றுகொண்டு, தேங்காய்த் துருவலை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.

அச்சு எங்கள் கடையிலேயே என்று முடிவாயிற்று. எங்கள் கடையில் ஓடுவதெல்லாம் பேனர் துணி. தம்பி கேட்டதோ பருத்தியில் செய்த கனத்த தாள், வெளிநாட்டுச் சரக்கு. முழு ரோல் வாங்க எங்களால் முடியாது. தவுக்கே யாரிடமோ பேசி, ஒரு ரோலின் மிச்சத்தைப் பிடித்துக் கொடுத்தார். பதினாலு அடி. விலை ஆயிரத்துத் தொள்ளாயிரம் மலேசிய வெள்ளி, என் பெயரில் கடன், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது என்று பேச்சு. அந்தப் பதினாலில் ஒரு அடி சோதனைக்குப் போயிற்று. மிஷின் பிடித்துக்கொள்ள முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் வேண்டும். மீதி சரியாக ஒரே ஒரு படம்.

சோதனை அச்சு போட்டது ஞாயிற்றுக்கிழமை. தம்பியும் டிசைனரும் ஒன்றாக உட்கார்ந்து போட்டார்கள். கையகலத் துண்டில் மேட்டின் ஒரு கீற்று: மண், அதன்மேல் சாம்பல், அதன்மேல் ஒன்றுமில்லாத வெள்ளை. தம்பி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்து, இதுதான், இப்படியே போட்டுடலாம், நான் வெள்ளிக்கிழமை வந்துடறேன் என்றான். அந்தத் துண்டை நான் என் மேசை இழுப்பறையில் வைத்தேன், பூச்சி அரிக்காமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் போட்டு.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சனிக்கிழமை காலை படக்கூடத்து லோரி வந்து எடுத்துப்போகும். தாளில் மை காய ஒரு ராத்திரி வேண்டும். பாலத்தில் ஜேம் என்று கேள்விப்பட்டதும், என் தம்பியை அண்ணன் என்று கூப்பிடும் டிசைனர் யோசித்திருக்கிறார்: அண்ணன் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும், நாம் முன்கூட்டியே ஓட்டிவிட்டால் காய நேரம் கிடைக்கும். நல்ல யோசனைதான். சோதனைதான் ஏற்கனவே பார்த்தாயிற்றே. தகரக் கூரையில் மழைச் சத்தம், பின்னறையில் இருந்த எனக்கு முன்னால் மிஷின் ஓடுவது கேட்கவில்லை. பேனரை முடித்து நூலை அறுத்துவிட்டு முன்னால் வந்தபோது படம் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது.

முதலில் கண்ணில் பட்டது வானம். நீல வானம். மூன்று மேகம், ஒன்று முழங்கையை மடித்ததுபோல. இடது மூலையிலிருந்து வெயில் கதிர் கதிராக இறங்குகிறது.

அந்த வானத்தை எனக்குத் தெரியும். எங்கள் கடையில் இறந்தவர்களுக்குப் படம் செய்து கொடுப்போம். அடையாளக் கார்டுப் படத்தைக் கொண்டுவருவார்கள். டிசைனர் முகத்தை வெட்டியெடுத்து, சட்டையை மாற்றி, பின்னால் இந்த வானத்தை வைப்பார். கருமக்கிரியை வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கும் படங்களில் பாதிக்குப் பின்னால் இதே வானம்தான் இருக்கும். திருவிழா பேனரில் சாமிக்குப் பின்னாலும் இதுதான். எத்தனையோ தடவை அந்த முழங்கை மேகத்தின்மேல் வளையம் அடித்திருக்கிறேன். எங்கள் அப்பா படத்துக்குப் பின்னாலும் அதுதான் இருக்கிறது, எங்கள் வீட்டுக் கூடத்தில்.

டிசைனர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களாக்கா? அண்ணன் படம் எவ்ளோ கிளியரா வந்துருக்குன்னு."

இந்த வானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"நம்ம வானம்தான்கா. அதுல மேல ஒன்னுமே இல்ல, வெறும் வெள்ளையா கெடந்துச்சு. மூட்டத்த எல்லாம் எடுத்துட்டேன். ரெண்டு நாள் வீட்ல உக்காந்து செஞ்சது. அண்ணன்கிட்ட காசு கீசு ஒன்னும் வேணாம்."

எங்கள் கடையில் யாரும் எழுதிவைக்காத ஒரு சட்டம் உண்டு. மங்கலாக வரும் படத்தை அப்படியே அடித்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் திட்டுவார். அதனால் எது வந்தாலும் தெளிவாக்கு, வெளுப்பாக்கு, வானத்தை நீலமாக்கு. டிசைனர் தனக்குத் தெரிந்த நல்லதை எல்லாம் என் தம்பிக்குச் செய்திருந்தார். பனிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாகப் பதிந்திருந்ததெல்லாம், பனியை எடுத்ததும் வெளியே வந்துவிட்டது. கோபுரங்கள் வரிசையாக நின்றன. பலகையில் எழுத்துகூடப் படிக்கலாம். அந்த இயந்திரம் மஞ்சளாக, புதிதாக வாங்கியதுபோல நின்றது. செம்மண் குங்குமமாக இருந்தது. கடைக் கம்ப்யூட்டரில் பழைய படத்தின் மேலேயே இதைப் பதிந்தும்விட்டார்.

தவுக்கேயைக் கூப்பிட்டேன். நிறுத்தச் சொல்லுங்கள், இது தப்பு என்று மலாயில் சொன்னேன். அவர் எழுந்து வந்து பார்த்தார், தாளைப் பார்த்தார், மீதி ரோலைப் பார்த்தார். இப்போது நிறுத்தினால் என்ன மிச்சம் என்று கேட்டார். ஐந்து அடி. ஐந்து அடியில் என்ன செய்வாய்? பாதிப் படம் குப்பைக்குப் போகும், முழுப் படமாவது படமாக இருக்கும், தம்பி வந்து பார்க்கட்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் நிறுத்தச் சொன்னதும் தப்பில்லை. மிஷின் இரண்டையும் கேட்காமல் போய்வந்து போய்வந்து அடித்துக்கொண்டிருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. மோட்டாரில் இருப்பவன் எப்படி எடுப்பான்? எடுத்தால் அதற்கும் நான்தான் பயப்படுவேன். மறுபடி போட்டேன். பிறகு, அவன் ஒரு கையால் எடுக்கப் பார்த்து விழுந்துவிடுவானோ என்று போடுவதை நிறுத்திவிட்டேன். இழுப்பறையைத் திறந்து சோதனைத் துண்டை எடுத்து, வந்துகொண்டிருந்த படத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே இடம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கையில் பிடித்தபடி நின்றேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பாய் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரசித்தார்.

"மாஷா அல்லாஹ். இது எந்த ஊரு தங்கச்சி? வெளிநாடா?"

"சாஆ, பாய்."

"நம்ம சாஆவா? அங்க செம்பனையும் கொசுவும்தானே இருக்கு."

டிசைனர் பெருமையாக என்னைப் பார்த்தார். பாய் போனை எடுத்துப் படத்தைப் படம் பிடித்துக்கொண்டார். மழை விட்டும் அவர் போகவில்லை, கடைசி அங்குலம் வெளியே வரும்வரை நின்றார்.

தம்பி வந்தபோது கடையில் விளக்குப் போட்டிருந்தோம். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரையில் சொட்டக்கூடாது என்று வாசலிலேயே கழற்றினான், ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்திருந்தான். மேசைமேல் படம் முழு நீளத்துக்கும் விரிந்து கிடந்தது. நான் ஏதாவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? வாய் திறப்பதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

அவன் கத்தவில்லை. இடது ஓரத்திலிருந்து மெதுவாக நடந்தான். ஆட்கள் எப்படி நடந்து பார்க்க வேண்டும் என்று சொன்னானோ அப்படியே. கோபுரங்களைத் தாண்டி, இயந்திரத்தைத் தாண்டி, பலகையைத் தாண்டி, வலது மூலைக்கு வந்து குனிந்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அக்கா எங்க?"

"இங்கதான நிக்கிறாங்க" என்றார் டிசைனர், என்னைக் காட்டி.

தம்பி அந்த மூலையில் விரலை வைத்தான். அப்போதுதான் டிசைனருக்குப் புரிந்தது. "அங்க ஒரு கறுப்புப் புள்ளி இருந்துச்சுண்ணே. தூசின்னு நெனச்சேன்."

நான் கையில் பிடித்திருந்த துண்டைத் தம்பி வாங்கி, படத்தில் அதே இடத்தின்மேல் வைத்தான். டிசைனர் குனிந்து இரண்டையும் பார்த்தார். அவர் கெட்டிக்காரர். விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப இது கேமரா கோளாறு இல்லையாண்ணே? வேணும்னேதான் அப்படி எடுத்தீங்களா?"

"ஆமா மச்சான்."

"ஞாயித்துக்கெழம டெஸ்ட் போடறப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. இப்படியேன்னா தாளயும் மையயும் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாம்" என்றான் தம்பி. பிறகு, நான் விஷயத்தைச் சொன்னதும், இரண்டு நாள் உட்கார்ந்து செய்தாயாமே, பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரம் என்று அவரிடம் நன்றாகவே பேசினான். எனக்கு டிசைனரைத் திட்ட வேண்டும்போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் முடியவில்லை. தம்பியைத் தேற்ற வேண்டும்போல இருந்தது. அதுவும் வரவில்லை. ஹெல்மெட்டை வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையான படம் தம்பியின் டிஸ்கில் வீட்டில் பத்திரமாக இருந்தது. தாள்தான் இல்லை. பேனர் துணியில் அடிக்கலாம், காசு வேண்டாம் என்றார் தவுக்கே. ஓடிப்போய் டிஸ்கை எடுத்துவந்து ஒரு முழத்துக்கு அடித்தும் பார்த்தார்கள். அந்தத் துணிக்கு அந்தச் சாம்பல் பிடிபடவில்லை. பனி இருந்த இடம் அடுப்புப் புகை படிந்த சுவர் மாதிரி இருந்தது, மேலே இருந்த வெள்ளை பிளாஸ்டிக்காகப் பளபளத்தது. தம்பி பார்த்துவிட்டு, போதும் என்றான்.

படக்கூடத்து அம்மாளுக்குப் போன் செய்தான். தாள் எங்கும் கிடைக்காது, எல்லாம் மூடிவிட்டது, விடுமுறை. அவர் நல்லவர்தான். அந்த நீல வானப் படத்தின் ஒரு புகைப்படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, இதுவும் மோசமில்லையே, சுவர் காலியாக இருப்பதற்குப் பதில் இதையாவது மாட்டலாம் என்றாராம். தம்பி வேண்டாம் என்றான். அவர் இன்னொரு தடவை கேட்டார். அவன் இன்னொரு தடவை வேண்டாம் என்றான். நான் பக்கத்தில் நின்று, சரி என்று சொல்லேன், சரி என்று சொல்லேன் என்று கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தேன். சுவர் போய்விடுமே என்ற பயம் எனக்கு. சுவர் போய்விட்டது. வேறொருவர் அதில் சின்னச் சின்னப் படங்களை வரிசையாக மாட்டியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

தவுக்கே அந்தப் பன்னிரண்டு அடியைக் கடையின் முன்சுவரில் மாட்டினார், மாதிரிக்கு. வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். இதுபோல ஒன்று எங்கள் கூடத்துக்கு வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். டிசைனர் மட்டும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. இப்போதெல்லாம் யாராவது மங்கலான படம் கொண்டுவந்தால், இது இப்படியேதான் வேண்டுமா என்று மூன்று தடவை கேட்கிறார். மங்கலாக எதற்கு லா என்று அவர்கள் எரிந்து விழுகிறார்கள்.

அடுத்த மாதம் பாய் வந்தார். பெர்மாஸ் ஜெயா கடையைப் புதுப்பிக்கிறார், குளிரூட்டிய பகுதிக்கு ஒரு பெரிய படம் வேண்டும். போனில் எடுத்த படத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். இரண்டாயிரம் வெள்ளி தருகிறேன் என்றார். கடன் ஒரே நாளில் தீரும், மேலே நூறு வெள்ளி கையில் நிற்கும்.

தம்பியிடம் சொன்னேன். விற்றுக்கொள் என்றான். அவ்வளவுதான். நான் சந்தோஷமாகப் பாய்க்குப் போன் செய்தேன். அவர் ஒரே ஒரு காரியம் கேட்டார். எடுத்தவர் கீழே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வாடிக்கையாளரிடம் இது நம்ம ஜொகூர்த் தமிழ்ப் பிள்ளை எடுத்தது என்று சொல்ல வேண்டாமா?

"நான் எடுத்தது இல்லையேக்கா அது" என்றான் தம்பி.

கையெழுத்து இல்லாமல் தருகிறேன், விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பாயிடம் பேசிப்பார்த்தேன். அவர் நியாயமான மனிதர், என்மேல் வருத்தமும் படவில்லை. "கையெழுத்து இல்லன்னா அது காலண்டர்தானே தங்கச்சி" என்றார். வேறு இடத்தில் ஏதோ அருவிப் படம் வாங்கிவிட்டார். பேனாவை எடுத்து நானே கிறுக்கிவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். என்னால் முடியாது. போலீஸ் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மூலையில்தான் கையெழுத்துப் போட வேண்டும், நான் இருந்த இடத்தில்.

இப்போது அதைக் கடையிலிருந்து கொண்டுவந்து சுருட்டி, எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். சோதனைத் துண்டு அப்பா படத்துக்குக் கீழே, கண்ணாடி அலமாரியில். உண்மையான படம் இருக்கும் டிஸ்கை நான் மூன்று பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று வீட்டில், ஒன்று கடையில், ஒன்று என் கைப்பையில். கைப்பையில் வைத்தால் வெயிலில் கெட்டுவிடுமோ என்று இப்போது அதற்கும் ஒரு கவலை.

சாஆவில் அந்த மேடு பச்சையாகிவிட்டதாம். கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டன, இனி அந்தப் படத்தை யாரும் எடுக்க முடியாது. தம்பி சனிக்கிழமைகளில் ஓவர்டைம் போகிறான், இல்லாவிட்டால் தூங்குகிறான். கரிக்கட்டியும் பழுப்புத் தாளும் மேசையடியில் அப்படியே கிடக்கின்றன. முன்பெல்லாம் அவன் இருட்டில் கிளம்பிப் போகிறானே என்று பயந்தேன். இப்போது சனிக்கிழமை விடியும்போது எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. அவன் அறையில் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று படுத்தபடியே காதுகொடுக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

படக்கூடத்து அம்மாள் ஒருமுறை செய்தி அனுப்பியிருந்தார். அச்சு தயாரானால் சொல்லுங்கள், எப்போதாவது ஒரு சுவர் காலியாகும் என்று. எப்போதாவது என்றால் எப்போது என்று கேட்கச் சொன்னேன், தம்பி கேட்கவில்லை. தவுக்கேயிடம் இன்னொரு ரோல் பற்றிப் பேசினேன். தருவிக்கலாம், ஆனால் முதல் கணக்கு முடியட்டும் என்றார். தப்பு கடையுடையது என்று வாதாடினால் டிசைனர் சம்பளத்தில் பிடித்துவிடுவாரோ என்று நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாதம் நூற்றைம்பது பிடிக்கிறார். இந்த மாதமும் பிடித்தாயிற்று. மீதி பாக்கி ஆயிரத்து நூற்றைம்பது வெள்ளி.